சித்தி சேலை கட்டிவிட்ட பொம்மைகள்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஓசூரில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பெரிய துணிக்கடையின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்றபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. கோச்சிங் வகுப்பு முடிந்து பஸ்சுக்கு நடந்துகொண்டிருந்தேன். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் தாள் கிழிந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஆளுயரப் பொம்மை ஒன்றுக்குச் சேலை கட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். பொம்மையின் கையைக் கழற்றாமலே ரவிக்கையை மாட்டப் பார்த்தார்கள். அது முழங்கையில் போய்ச் சிக்கிக்கொண்டது. அந்தப் பெண் ரவிக்கையை இழுக்க, பையன் பொம்மையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்க்க ஏதோ மல்யுத்தம் மாதிரி இருந்தது.

"கையக் கழட்டுங்கப்பா முதல்ல!" என்று நான் வெளியில் நின்று கத்தியேவிட்டேன். வாசலில் இருந்த காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

சிரித்துக்கொண்டே நாலடி நடந்தேன். ஐந்தாவது அடியில் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தக் கண்ணாடிக்குள் நிற்க வேண்டியவள் சித்தி. அவள் காவேரிப்பட்டினத்தில் குக்கருக்கு விசில் எண்ணிக்கொண்டிருக்கிறாள். யார் செய்த வேலை இது? நினைக்க நினைக்க எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பஸ்சை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். சித்தியை இங்கே கொண்டுவர வேண்டும்.

இதை நம்மை மாதிரிப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். அப்பா கம்பெனி வேலை தேடி எங்கிருந்தோ ஓசூருக்கு வந்து, லைன் வீட்டில் வளர்ந்து, இப்போது குரூப் டூ, குரூப் ஃபோர் என்று பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறோமே, அந்த நமக்காக. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சித்தியோ அத்தையோ அக்காவோ இருந்திருப்பாள். அவள் கல்யாணத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தாள், அதில் எவ்வளவு கெட்டிக்காரி என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் உங்கள் அம்மா ஒரு தடவை வாசல் பக்கம் பார்ப்பார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊரில் கல்லூரி முடித்த கையோடு, வேலை தேடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் அப்போது எங்களுக்கு ஒரு லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வரிசை முழுவதற்கும் பொதுவாக ஒரு குழாய். குழாயடியில் காலையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை நடக்கும். சமாதானம் மட்டும் யார் வாயில் எது வருகிறதோ அதில். அப்பா இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. கம்பெனிக்கு ஆர்டர் இருந்தால் ஓவர்டைம். இல்லையென்றால் "கூப்பிடறப்ப வாப்பா." அப்பா வீட்டில் இருக்கிற நாட்களில் வீடு இன்னும் சின்னதாகிவிடும்.

சித்திக்கு வேலை பெங்களூரில் கிடைத்தது. ஒரு பெரிய மாலுக்குள் மூன்று தளம் முழுக்க ஒரே கடை. வாசனைத் திரவியம், குழந்தைச் செருப்பு, சமையல் பாத்திரம், கல்யாணப் பட்டு, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. முதலில் விற்பனைப் பிரிவில்தான் சேர்த்தார்கள். பிறகு ஒரு நாள் ஆள் வராததால் ஜன்னல் பொம்மைக்குச் சேலை கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கட்டினாள். அதற்குப் பிறகு அவளை அந்தப் பக்கத்திலிருந்து யாரும் நகர்த்தவில்லை.

கடை திறப்பதற்கு முன்னால் ஜன்னல் தயாராக வேண்டும் என்பதால், இருட்டு முழுதாய் விலகுவதற்குள் கிளம்பி, எல்லை தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் போகும் பெங்களூர் பஸ் பிடிப்பாள். சாயங்காலம் திரும்பி வரும்போது அவள் மேல் ஒரு வாசனை வரும். கண்ணாடிப் பாட்டில் சென்ட், நீராவி இஸ்திரி, புதுத் துணியின் கஞ்சி, ஏசிக் குளிர் எல்லாம் கலந்த வாசனை. கம்பெனி எண்ணெய் வாசனையும் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனையும் இருந்த அந்த வரிசையில், சித்தி வந்துவிட்டாள் என்பதை நான் மூக்கால் தெரிந்துகொள்வேன். சில நாள் கடையின் காகிதப் பை ஒன்று கொண்டுவருவாள். கயிற்றுப் பிடி வைத்த தடித்த பை. வரிசையில் அதற்கு அடிதடி. பக்கத்து வீட்டு மாமா அதில்தான் டிபன் பாக்ஸ் போட்டுக் கம்பெனிக்குப் போவார். எங்கள் பை ஒன்றுகூட இப்போது மிச்சமில்லை.

அந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். கோடை விடுமுறை. சித்தியின் விடுமுறை நாளில் நான்தான் பொம்மை.

"அசையாத. மூச்சு விடாத."

"மூச்சு விடாட்டி செத்துப் போயிருவேன் சித்தி."

"பொம்மைக்குச் சாவு கெடையாது. நில்லு."

இடுப்பில் ஒரு நாடாவை இறுக்கிக் கட்டுவாள். பொம்மைக்கு இடுப்பு வழுக்கும், நாடா இல்லாமல் சேலை நிற்காது என்பாள். கொசுவத்தை விரலிடுக்கில் அடுக்கி, வாயில் இருக்கும் குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவாள். மணிக்கட்டில் கைக்கடிகாரம் மாதிரி கட்டிக்கொள்கிற ஒரு சின்னப் பஞ்சு மெத்தை வைத்திருந்தாள், ஊசி குத்துவதற்கு. ஆனாலும் வாய்தான் அவளுக்கு வசதி. குண்டூசியோடு பேசுவாள், குண்டூசியோடு சிரிப்பாள். அதைப் பார்த்தாலே அம்மா, "முழுங்கித் தொலைக்கப் போறடி," என்று கத்துவார்.

கடையில் இருந்த பொம்மைகளுக்கு அங்கே வேலை செய்கிற பெண்கள் பெயர் வைத்திருந்தார்கள். முகவாயைத் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நிற்கிற ஒரு பொம்மைக்குக் கலெக்டரம்மா என்று பெயர். "இன்னைக்குக் கலெக்டரம்மாவ மூணு பேர் சேர்ந்து குளிப்பாட்டினோம்," என்பாள் சித்தி. "ஒரு நன்றி சொல்லணுமே? ம்ஹூம்." நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார்.

ஏனென்றால் வரிசையில் யாருக்கும் சித்தியின் வேலை என்னவென்று தெரியாது. தெரியக்கூடாது. "பெங்களூர்ல ஆபீஸ்ல இருக்கா, குரூப் பரீட்சைக்கும் படிச்சிட்டிருக்கா" என்பதுதான் எங்கள் வீட்டு அதிகாரபூர்வமான செய்தி. டிவிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த பொது அறிவு கைடு இருக்கும். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் போதும், அம்மா அதைத் தூக்கிச் சித்தி மடியில் வைத்துவிடுவார். சித்தி அதைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கைடு அவளுக்கு வேறு விதத்திலும் பயன்பட்டது. மடித்துப் பழகிய காகிதக் கொசுவங்களை அதற்குள் வைத்து அழுத்தி வைப்பாள். ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு நடுவில் வரிசையாக விசிறி மடிப்புகள் இருக்கும்.

அப்பாவை இப்போது யோசித்தால் எனக்குப் பாதிதான் கோபம் வருகிறது. "கூப்பிடறப்ப வா" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் செத்த மனுஷன், அரசாங்க வேலையைச் சாமி மாதிரி பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. யாரும் தூக்கியெறிய முடியாத ஒரு நாற்காலி. அது வேண்டும் என்று ஆசைப்பட்டதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். நானே இப்போது அதற்குத்தான் படிக்கிறேன். பிடித்துத்தான் படிக்கிறேன். மீதிப் பாதிக் கோபம் எதற்கு என்றால், கையில் இருந்த ஒரு நல்ல வேலையைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைத்ததற்கு.

அந்தக் கோடையில்தான் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். அவருடைய அப்பா ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா தெருவில் நடந்த நடையே மாறிப்போனது. மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்தபோது மடியில் கைடோடு இருந்த சித்தியைப் பார்த்துவிட்டு, "படிக்கட்டும் படிக்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க. வீட்டுக்கு ரெண்டு கவர்மெண்ட் சம்பளம் வந்தா கசக்குமாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். குண்டூசி இல்லாத சிரிப்பு, அவ்வளவு நன்றாக இல்லை.

நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் போன் செய்வார். குழாயடிக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தடியில் நின்று சித்தி பேசுவாள். சிரிப்பாள். ஒரு நாள் திரும்பி வந்து என் கன்னத்தைக் கிள்ளி, "நல்ல மனுஷன்தான்டி," என்றாள். அதற்கு அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்து ஜவுளி எடுக்க வேண்டும். இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய்க் கல்யாணத் துணி எடுப்பது வழக்கம். அப்பா சேலம் என்றார், காஞ்சிபுரம் என்றார். மாப்பிள்ளையின் அம்மா கையை ஆட்டிவிட்டார். "எங்க தாசில்தார் மகளுக்குப் பெங்களூர்ல மால்ல எடுத்தாங்க. எங்களுக்கு மட்டும் என்ன கொறச்சல்? அங்கியே எடுத்துக்கலாம்." கடையின் பெயரைச் சொன்னார்.

சித்தியின் கடை.

அம்மா காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "அங்க விலை ரொம்ப..." என்று அப்பா இழுத்தார். "கல்யாணம்னா ஒரு தடவைதானுங்களே," என்று மாப்பிள்ளையின் அம்மா முடித்துவிட்டார்.

பாருங்கள் இந்த நியாயத்தை. அந்தக் கடையில் சேலை வாங்கினால் கௌரவம். அதே கடையில் அந்தச் சேலையை எடுத்துப் போட்டால் கேவலம். ஒரே மேஜை, ஒரே சேலை. மேஜைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "உன் கூட வேலை பாக்குற பிள்ளைகள்ட்ட சொல்லி வையிடி. அன்னைக்கு ஒரு நாள் உன்னத் தெரியாத மாதிரி இருக்கச் சொல்லு. ஒரே ஒரு நாள். தாலி ஏறிட்டா அப்புறம் எது தெரிஞ்சா என்ன?"

சித்தி அக்காவின் கையை மெதுவாக விலக்கினாள். பிறகு, "சொல்றேங்க்கா," என்றாள்.

ஜவுளி எடுக்கிற நாளும் வந்தது. அப்பா ஒரு வேன் அமர்த்தினார். மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர், நாங்கள் நாலு பேர். மால் வாசலில் இறங்கியதும் குளிர் காற்று முகத்தில் அடித்தது. தரை அவ்வளவு வழவழப்பு, என் முகம் அதில் தெரிந்தது. கடை ஜன்னலில் நாலு பொம்மைகள் கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி பட்டுக் கட்டி நின்றன. ஒன்று குனிந்து பூக்கூடை எடுக்கிற மாதிரி, ஒன்று திரும்பிப் பார்க்கிற மாதிரி. கலெக்டரம்மாவை நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். மயில் கழுத்துப் பச்சை கட்டியிருந்தாள். அவளைக் காட்ட வாயைத் திறந்தபோது அம்மா என் தோளை நசுக்கினார்.

மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. "கொசுவத்தப் பாருங்க! தட்டி வெச்ச மாதிரி இருக்குது. இந்த மாதிரி கட்டறதுக்கெல்லாம் படிச்சு வரணும்போல."

சித்தி தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் பட்டுப் பிரிவு. நாங்கள் உட்கார மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு நாற்காலி எதுவும் இல்லை. சேலை எடுத்துப் போட வந்த பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரப் பெண். சித்தியோடு ஒரே பஸ்சில் போய் வருகிறவள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள். எங்கள் வீட்டுக்கே ஒரு தடவை வந்து என் தலையில் பூ வைத்துவிட்டிருக்கிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்துக் கைகுவித்து, "வாங்க மேடம், மதுவே... கல்யாணச் சேலையா மேடம்?" என்றாள்.

மேடம்! சித்தி தலையை மட்டும் அசைத்தாள். இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவ்வளவு சரியாக நடித்தார்கள். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு ஏனோ வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சேலைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொன்னார். பிரிக்கப் பிரிக்க விரலால் தள்ளிவிட்டார். "இது வேணாம். அது எடு. அது இல்ல, அதுக்குக் கீழ. காது கேக்காதா?" பிறகு எங்கள் அம்மா பக்கம் சாய்ந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "படிப்பு ஏறாத பொண்ணுங்கதான் இந்த மாதிரி எடத்துக்கு வருதுங்க. நாள் முழுக்க நிக்கிற பொழப்பு. நம்ம புள்ளைக்கு அந்தத் தலையெழுத்து இல்ல, பாருங்க," என்றார்.

அம்மா, "ஆமாங்க," என்றார். அந்த "ஆமாங்க" இன்னும் என் காதில் இருக்கிறது.

கல்யாண வீட்டார் என்பதால் கடையில் எல்லோருக்கும் மாம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கையில் கண்ணாடி டம்ளரோடு, மேஜையில் விரித்திருந்த சந்தன நிறப் பட்டை இன்னொரு கையால் இழுத்தார். முழங்கை இடித்தது. ஜூஸ் முழுக்கச் சேலையின் மேல். மஞ்சள் திட்டு பரவிக்கொண்டே போனது.

அடுத்த கணம் அவர் கத்தினார். "பாத்து வெக்கத் தெரியாதா உனக்கு? டம்ளர் பக்கத்துல கொண்டாந்து சேலயத் திணிக்கிற!"

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நானு மாடில்லா மேடம்... நான் இல்ல மேடம்..."

டை கட்டிய மேலாளர் ஓடிவந்தார். வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கார்டைக் கழட்டிக் கொடுத்துட்டுக் கீழ போ." கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை. அதைக் கழற்றினால் திரும்ப மாட்ட மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். சித்தி சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் மேலாளரைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள். எங்கள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாளே! வேலை போகிற நேரத்திலும் அந்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நின்றாள்.

அம்மா சித்தியின் முழங்கையைப் பிடித்திருந்தார். நகம் பதிவதை நான் பார்த்தேன்.

சித்தி எழுந்தாள்.

"சார், அவ மேல தப்பு இல்ல. அத்தை கை பட்டுச்சு. நான் பாத்தேன்."

மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பிளந்தார். "ஏம்மா! கட்டிக்கப் போற வீட்டு மனுஷிய விட்டுட்டு ஒரு கடைக்காரப் பொண்ணுக்குப் பரிஞ்சுகினு வர்றியா? யாரு அவ உனக்கு?"

யாரோ ஒருத்தி என்று சொல்லியிருக்கலாம். நியாயம்னு பட்டது, சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். வேலையும் மிஞ்சியிருக்கும், கல்யாணமும் நடந்திருக்கும். சித்தி ஒரு தடவை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் போனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"கூட வேலை செய்றவ, அத்தை," என்றாள் சித்தி. "நானும் இந்தக் கடைதான். கீழ ஜன்னல்ல நின்னு பாத்தீங்களே நாலு பொம்மை, அதுக்குச் சேலை கட்டினது நான்தான்."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். மேலாளர், "அட, நீயா? லீவுன்னு சொன்னியே!" என்றார். அவருக்கு அதுவரை அடையாளமே தெரியவில்லை. பட்டுச் சேலையும் பூவுமாக, நாற்காலியில் வேறு உட்கார்ந்திருந்தாளே, எப்படித் தெரியும்!

அந்தப் பெண்ணுக்கு வேலை போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தி அங்கேயே நின்று, அட்டை அவள் கழுத்தில் திரும்ப ஏறுகிறவரை நகரவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக எழுந்தார். "ஆபீஸ்னு சொன்னீங்களே," என்று எங்கள் அப்பாவிடம் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். "கிளம்பலாம்," என்றார் அவர். கிளம்பினார்கள். நாங்கள் அமர்த்திய வேனிலேயே ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டார்கள். வேனுக்காரர் அப்பாவைப் பார்த்துக் கையை விரித்தார், அப்பா தலையை ஆட்டி அனுப்பிவைத்தார். நாங்கள் பஸ்சில் நின்றுகொண்டே ஓசூர் வந்தோம். அரசாங்கக் குடும்பத்தின் மரியாதை அந்த அழகில் இருந்தது.

பஸ்சில் அம்மா அழுதார். "ரெண்டு நிமிஷம், ரெண்டே நிமிஷம் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல? அந்த மனுஷன் மொகத்துல எப்பிடி முழிக்கப் போற?"

"அவருக்குத் தெரியும்க்கா," என்றாள் சித்தி.

"என்ன தெரியும்?"

"போன்ல பேசின மொத வாரமே சொல்லிட்டேன். கடை வேலைன்னு. எந்தக் கடைன்னும். அவங்க அம்மாகிட்ட அவரே பக்குவமாச் சொல்லிக்கறதாச் சொன்னார்."

அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. எனக்கு அப்போதுதான் கொய்யா மரத்தடியும், "நல்ல மனுஷன்தான்டி"யும் விளங்கின. தெரிந்தும் உட்கார்ந்திருந்திருக்கிறார். தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளின் வேலையைத் தன் அம்மா காறித் துப்புகிறபோது, போனில் எதையோ தேடிக்கொண்டு! ஓர் ஆள் அந்த மேஜையில், "எனக்குத் தெரியும்மா," என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தாலுகா ஆபீசில் அவர் இந்நேரம் பெரிய நாற்காலிக்குப் போயிருப்பார். அங்கேயும் இப்படித்தான் எதையாவது தேடிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, யாரைக் கோபித்துக்கொண்டார்கள் எங்கள் வீட்டில்? அந்த ஆளையா? இல்லை. அத்திப்பள்ளி தாண்டியதும் அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நாளையிலருந்து நீ வேலைக்குப் போக வேணாம். வீட்ல இருந்து பரீட்சைக்கு உண்மையாவே படி." கடையில் அத்தனை பேர் முன்னால் எழுந்து பேசியவள், சொந்த அக்கா வீட்டில் ஒண்டியிருப்பவள் என்பதால் அந்தப் பஸ்சில் வாயை மூடிக்கொண்டாள்.

கடையிலிருந்து இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். அந்தக் கன்னடப் பெண்ணே வந்தாள். தீபாவளி ஜன்னல் வருகிறது, சார் கேட்கிறார், சம்பளம் கூட்டுகிறாராம் என்றாள். அம்மா அவளை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். சித்தி உள்ளே கைடை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பார்க்க யாரும் வராத நேரத்திலும் அது இப்போது அவள் மடியில்தான். ஊசி குத்துகிற பஞ்சு மெத்தை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. நான் வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன்.

பரீட்சை எழுதினாள். கட் ஆஃப் தாண்டவில்லை. மறுபடி எழுதினாள். கடைசியில் அரசாங்க வேலை அவளுக்கு வராததால், அரசாங்க வேலையில் இருக்கிற ஒருவருக்கு அவளைக் கொடுத்தார்கள். சித்தப்பா காவேரிப்பட்டினத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் எழுத்தர். கெட்டவர் இல்லை. ஆனால், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குச் சேலை கட்டிவிடக் கூப்பிட்டால்கூட, "அதெல்லாம் பியூட்டி பார்லர்காரங்க வேலை," என்பார்.

எங்கள் அப்பாவின் கம்பெனி பிறகு அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டது. இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை. வாசலில் நின்று வருகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறார். அதை யாரிடமும் மறைத்ததே இல்லை. மறைக்கவும் வேண்டாம், உழைப்புத்தான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் என் நாக்கு நுனியில் நிற்கிறது: ஆண் நின்றால் உழைப்பு, பெண் நின்றால் கேவலமா? ஒரு நாள் கேட்டுவிடுவேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். திரும்பி நடந்து, அந்தக் காவலாளியைத் தாண்டி உள்ளே போய் மேலாளரைப் பிடித்தேன். பெங்களூரில் ஜன்னல் பொம்மைக்குக் கட்டிய அனுபவம் உள்ளவர் ஒருவர் இருக்கிறார் என்றேன். "பொம்மையோட கையக் கழட்டி மாட்டத் தெரிஞ்சா போதுங்க, இன்னைக்கே வரச் சொல்லுங்க," என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. வெளியூர் என்று நான் சொன்னதும், வருகிற திங்கட்கிழமை வந்து ஒரு பொம்மைக்குக் கட்டிக் காட்டச் சொன்னார். சரியாக வந்தால் வேலை.

இன்றைக்குத்தான் சித்தியைப் போனில் பிடிக்க முடிந்தது. சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

"விளையாடாதடி. என் வயசென்ன, தெரியுமா?"

"பொம்ம வயசெல்லாம் பாக்காது சித்தி."

சிரித்தாள். பிறகு, "சித்தப்பா?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை நான் வந்து பேசறேன். நல்லா நாலு கேள்வி..."

"நீ வாயத் தொறந்தா இருக்கறதும் கெட்டுப்போகும். நீ பேசாத. நான் பேசிக்கறேன்." அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "அன்னைக்குப் பஸ்ல பேசாம வந்தேன்ல? அது ஒரு தடவைக்குப் போதும்."

உடனே அடுத்ததைக் கேட்டாள்.

"அந்த ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

"ரோட்டப் பாத்து."

"ரோடு எந்தப் பக்கம்டி? கிழக்கா, மேக்கா? சாயங்கால வெயில் கண்ணாடி வழியா விழுந்துதுன்னா பட்டு நாலு நாள்ல வெளுத்துரும். பருத்திதான் கட்டணும். பருத்தின்னா கொசுவம் வேற மாதிரி. தெரிஞ்சாத்தான் நான் எதுல கட்டறதுன்னு யோசிச்சு வெப்பேன். பாத்துச் சொல்லு."

எனக்கு அது தெரியவில்லை. மத்தியான வெயிலில் நின்றேன், கவனிக்கவில்லை. சித்தப்பா ஒத்துக்கொள்வாரா, திங்கட்கிழமை அவள் பஸ் ஏறுவாளா, ஏறினாலும் இத்தனை வருஷத்துக்குப் பிறகு கை சொன்னபடி கேட்குமா, எதுவும் எனக்குத் தெரியாது. நாளைய வகுப்புக்குப் படிக்க வேண்டிய பாடம் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. மணி நாலாகிவிட்டது. வெயில் சாய்வதற்குள் அங்கே போய், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.